ரவுண்டானாவைத் திருப்பி வைத்தவர்

இரண்டு கண்ணிலும் துளி வெளிச்சம் இல்லாத ஒரு மனிதர், திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, நடைபாதையில் நின்றபடி, ஐந்து முனை ரவுண்டானா ஒன்றை இரண்டே விரலால் பிடித்து, பாட்டில் மூடியைத் திருகுவதுபோல ஒரு முனை அளவு இடப்பக்கம் திருப்பி, அது இருக்கவேண்டிய இடத்தில் உட்கார வைத்தார். ரவுண்டானா என்றால் வெறும் வட்டம் இல்லை. அதைச் சுற்றி ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ரொட்டிக்கடை, ஒரு மர அறுவை மில், ஒரு வெல்டிங் பட்டறை, முந்நூறு பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம், இவ்வளவும் இருந்தன. அத்தனையும் சேர்ந்து நகர்ந்தன. ஒரு சொட்டுப் பெட்ரோல் சிந்தவில்லை. ஒரு ரொட்டி உருண்டு விழவில்லை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

நம்பமாட்டீர்கள். வரிசையில் வந்து நில்லுங்கள். வரிசையின் முதல் ஆள் செக்கர்.

செக்கர் முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்தவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். மனைவி "மழை பெய்யுதுங்க" என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நனைந்த கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்பார்.

அந்த மனைவியின் அண்ணன்தான் ரவுண்டானாவைத் திருப்பியவர். எல்லோருக்கும் அவர் டிரைவர். பஸ் ஓட்டியே பூமியைப் பதினோரு தடவை சுற்றிய தூரம் போனவர் என்று அவர் சொல்வார்; எட்டுத் தடவை என்று செக்கர் சொல்வார். எப்படியோ, பூமியைச் சுற்றி முடித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இரண்டாம் வருஷம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி முதலில் வலது விளக்கு அணைந்தது, பிறகு இடது. அவர் மனைவி அதற்கு முன்பே போய்விட்டிருந்தாள். தங்கை வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டு மாடி அறையில் வைத்தாள். அந்த வீட்டையோ தெருவையோ டிரைவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை.

கண் போனது. கால் போகவில்லை. அதுதான் வம்பு.

மாடி அறை பதினோரு அடி நீளம். டிரைவர் பன்னிரண்டு அடி நடப்பார். உட்கார வைத்தால் வலது கால் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்; இடது கால் கிளட்சைத் தேடும். நாற்காலி நகர்ந்து நகர்ந்து மாலைக்குள் கதவருகே வந்து நிற்கும். கீழே மதியத் தூக்கம் போட வந்த செக்கர் கூரையைப் பார்த்துக் கத்துவார்.

"மச்சான்! எந்த ஊருக்குப் போய்க்கிட்டிருக்கீங்க?"

"ஏன் மாப்ளே, டிக்கெட் வேணுமா?"

"ஊர் வந்ததும் இறங்கிடுங்க. மனுஷன் கொஞ்சம் கண்ணசரணும்."

இருப்புக் கொள்ளாமல் இரண்டு தடவை கோலை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிட்டார். முதல் தடவை முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, தன் நாற்காலி என்று நினைத்து அந்த வீட்டுக்காரரின் மடியிலேயே உட்கார்ந்தார். இரண்டாம் தடவை சாக்கடையில் முழங்கால்வரை இறங்கி நின்றபடி, போகிறவர்களுக்கெல்லாம் வழிசொன்னார். செய்தி மகளுக்குப் போனது.

மகள் வேறு ஊரில் பதினோராவது மாடியில் இருந்தாள். அவள் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். பால்கனிக்குப் புதிதாகக் கம்பி போட்டிருப்பதாகப் போனில் சொன்னாள்.

"புதன்கிழமை வண்டியோட வரேன்பா. இனிமே என்கூடதான்."

"அங்க வந்து நான் என்னம்மா பண்றது?"

"லிப்ட் இருக்குப்பா. நினைச்சா போகலாம், நினைச்சா வரலாம்."

"லிப்ட்டும் ஒரு வண்டியாம்மா? மேலயும் கீழயும் போகும். ஒரு திருப்பம் உண்டா அதுல?"

மகள் சிரிக்கவில்லை. டிரைவருக்கும் சொல்லி முடித்ததும் சிரிப்பு வரவில்லை. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவின் சத்தம் போனிலேயே ஒருமுறை கேட்டிருந்தது. சின்ன சத்தம்தான், அது அவர் நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே குடியிருந்தது.

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினார். தினமும் வாடகைக் காரில் போய்வரும் மையத்துக்கு ஒரே ஒரு தடவை தனியாக நடந்து போகவேண்டும். செக்கர் மாமா பத்தடி பின்னால் வருவார். வாயைத் திறக்கமாட்டார், கையைப் பிடிக்கமாட்டார். பிடித்தால் தோல்வி.

"போய்ச் சேர்ந்தேன்னு நீங்க சொன்னா நம்பமாட்டேன்பா. நீங்க ஒண்ணை ஒன்பதாக்குவீங்க. மாமா சொல்லட்டும்."

செக்கருக்கு இதைவிடப் பெரிய கௌரவம் அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்ததில்லை. சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

மையம் என்பது பார்வை இல்லாதவர்கள் பகல்பொழுதைக் கழிக்கும் ஒரு பெரிய அறை. நடுவில் நீள மேசை. மேசைமேல் விரலுக்கும் காதுக்கும் மூக்குக்கும் வேலை வைக்கும் சாமான்கள்: குலுக்கி ஜோடி சேர்க்கவேண்டிய டப்பாக்கள், முகர்ந்து பெயர் சொல்லவேண்டிய புட்டிகள், வெல்வெட்டும் கோணித்துணியும் ஒட்டிய கட்டைகள், ஓரங்களைத் தடவியே பொருத்தவேண்டிய மரப் புதிர்கள். இவ்வளவையும் ஒட்டி வெட்டிச் செய்தவர் கோந்து டீச்சர். அவர் விரல்களில் எப்போதும் கோந்து காய்ந்திருக்கும். கைகுலுக்கினால் கையைத் திரும்ப வாங்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

அந்த மேசையின் ராணி ஆபரேட்டர் அம்மா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நாற்பது துண்டு மரப் புதிரை ஊர்க்கதை பேசிக்கொண்டே முடித்துவிட்டு, கடைசித் துண்டைப் பொருத்தும்போதுதான் பெருமூச்சு விடுவார், அதுவும் கதை முடிந்துவிட்டதே என்று.

டிரைவர் அங்கே ஒரு தொல்லை. டப்பாவைக் குலுக்கச் சொன்னால் காதில் வைத்துக் கேட்டு, "இதுல வால்வு லூஸாயிருக்கு" என்பார். எந்தப் புட்டியை முகர்ந்தாலும் டீசல். ஏழு நிமிஷத்துக்கு மேல் நாற்காலி அவரைத் தாங்காது. எழுந்து மேசையைச் சுற்ற ஆரம்பிப்பார்.

"டிரைவர் சார், இது நாலாவது ட்ரிப்பு," என்பார் ஆபரேட்டர் அம்மா. "வழியில எங்களையும் ஏத்திக்கிட்டுப் போறது!"

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

"நீங்க உட்கார்ற ஸ்டாப்புல."

பந்தயச் செய்தி கேட்டதும் கோந்து டீச்சர் பரபரவென்று வேலையில் இறங்கினார். டிரைவரின் வீட்டிலிருந்து மையம்வரை தானே நாலுமுறை நடந்து அளந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு மரத்தட்டு தயாராகிவிட்டது. தெருக்கள் எல்லாம் விரல் ஓடும் பள்ளங்கள். சாக்கடைக்குக் கயிறு, வேகத்தடைக்குத் தீக்குச்சி. பதின்மூன்று துண்டுகளைப் பொருத்தினால் வீட்டு வாசலிலிருந்து மைய வாசல்வரை வழி. நடுவில், உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டத் துண்டு, அதுதான் ரவுண்டானா. அதன் ஐந்து முனைகளிலும் ஐந்து ஒட்டுகள். பெட்ரோல் பங்குக்கு ரப்பர், ரொட்டிக்கடைக்குத் தக்கை, மர மில்லுக்கு மரத்தூள், வெல்டிங் பட்டறைக்கு ஆணித்தலை, பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப் பொத்தான். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே பழுப்பு வண்ணம் அடித்திருந்தார். கண்ணுக்காகச் செய்த சாமான் இல்லையே.

"ரவுண்டானா வந்ததும் இடது கை ஓரமாவே சுத்தி வாங்க. எந்த முனையில உங்களுக்குத் திருப்பம்னு தட்டு சொல்லும்," என்றார் டீச்சர்.

ஆபரேட்டர் அம்மா தட்டை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "மேசையில வச்சுப் படிக்காதீங்க, உங்களுக்கு ஏறாது. நீங்க படிக்கிற ஆளா? ஓட்டுற ஆள். ஓட்டுங்க!"

கூட்டிப்போக வந்த செக்கர், காரில் ஏறியதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தட்டை மடியில் வாங்கினார். செல்லாத டிக்கெட்டைப் பார்க்கும் அதே பார்வை பார்த்தார்.

"இதைத் தடவினா வழி தெரியுமாக்கும்?"

"விரலுக்குத் தெரியும் மாப்ளே. உங்களுக்குத் தெரியாது."

அந்தப் பேச்சு செக்கருக்குச் சுருக்கென்றது. முப்பத்தொரு வருஷம் எதையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்காமல் விட்டதில்லை. வட்டத் துண்டை நகத்தால் நெம்பி எடுத்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. முகர்ந்தார். கோந்து நாற்றம். திரும்ப வைத்து அழுத்தினார். பழுப்பு வட்டம், பழுப்புத் தட்டு, கச்சிதமாகப் பொருந்தியது.

பொருந்தாமல் என்ன செய்யும்? மற்றப் பன்னிரண்டு துண்டுகளுக்கும் பல்லும் பள்ளமும் உண்டு. ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். வட்டம் எப்படி வைத்தாலும் உட்காரும். அதைத் தட்டோடு ஒட்டிவிட வேண்டும் என்று நினைத்திருந்த டீச்சர், ஊருக்கே கோந்து போடுகிற டீச்சர், அதை மட்டும் ஒட்ட மறந்துவிட்டார். செக்கர் அதை ஒரு முனை தள்ளி வைத்திருந்தார். அது அவருக்கும் தெரியாது. கண்ணுக்கு ஐந்து முனையும் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை டிரைவர் தட்டை இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்கு நேரே ஸ்டியரிங்போல நிறுத்திக்கொண்டு மாடியில் வண்டியை எடுத்தார். தெரு இடது பக்கம் வளைந்தால் தட்டை வளைத்தார், உடம்பையும் சாய்த்தார். கட்டைவிரல்கள் பள்ளத்தில் ஓடின. அதுவரை மண்டையில் ஏறாத வழி, இடுப்பு வழியாக ஏறியது. பெருக்க வந்த தங்கை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அண்ணே, நான் நிக்கிறேன்!"

"ஹாரன் அடிச்சேனேம்மா, கேக்கலையா?"

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அந்த வழியில் நானூறு ட்ரிப் அடித்திருந்தார். செக்கர் கணக்குப்படி நாற்பது. வழி வாய்ப்பாடாகிவிட்டது: ரப்பர், தக்கை, மரத்தூள். பெட்ரோல், ரொட்டி, மில். மூன்றாவது முனை மர மில். மில்லை ஒட்டி இடது திருப்பம். நேரே போனால் மையம்.

திங்கட்கிழமை காலை டிரைவர் காபியைக்கூட நின்றபடியே குடித்தார். ஒன்பது மணிக்கு வாசலில் இறங்கினார். பத்தடி பின்னால், உதட்டை இறுக்கிக்கொண்டு செக்கர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார் என்றே சொல்லவேண்டும். எங்கே தப்பப்போகிறார் என்று.

தெரு தப்பவில்லை. சாக்கடைக் கயிறு இருந்த இடத்தில் சாக்கடை இருந்தது. தீக்குச்சி இருந்த இடத்தில் வேகத்தடை காலில் தட்டியது. டிரைவர் கோலைத் தட்டிக்கொண்டு வேகம் எடுத்தார். பழைய சீருடை உடம்பில் ஏறிவிட்டதுபோல முதுகு நிமிர்ந்தது. ரவுண்டானாவின் இரைச்சல் நெருங்கியது. இடது கை ஓரமாகத் திரும்பினார். முதல் முனை. மூக்கை விரித்துப் பெட்ரோலுக்குக் காத்திருந்தார்.

வெந்த ரொட்டி மணந்தது.

டிரைவர் சட்டென்று நின்றார். நின்றாரே தவிர கால் நிற்கவில்லை. ஒரே இடத்தில் தடதடவென்று மிதித்துக்கொண்டிருந்தது. ரொட்டி இரண்டாவது அல்லவா? ஒரு முனையைத் தாண்டி வந்துவிட்டோமா? தாண்டவில்லை, எந்தச் சாலையையும் கடக்கவில்லை. வேறு தெருவில் இறங்கிவிட்டோமா? சாக்கடை சரி, வேகத்தடை சரி. கழுத்தில் வியர்வை ஓடியது. மனசுக்குள் அந்தச் சின்னப் பூட்டின் சத்தம் கேட்டது.

நிற்க முடியாதவர் என்ன செய்வார்? நடந்தார். கோலை நீட்டி, வண்டிச் சத்தம் அடங்கக் காத்து, முதல் சாலையைக் கடந்தார். இரண்டாவது முனை. காது கிழிந்தது. கர்ர்ரென்று ரம்பம் மரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மர மில்!

மில்லை ஒட்டி இடது திருப்பம் என்று இரண்டு நாளாக விரல் படித்திருந்தது. இடுப்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. கால் அந்தச் சாலையில் இறங்கிவிட்டது. அது நெடுஞ்சாலைக்குப் போகிற சாலை. லாரிகள் போகிற சாலை. ஒரு லாரி காற்றடித்துக்கொண்டு போனதில் சட்டை படபடத்தது. பத்தடி பின்னால் செக்கர் கையை நீட்டிவிட்டார். தொட்டால் தோல்வி என்று ஞாபகம் வந்து, நீட்டிய கையை அந்தரத்தில் தொங்கவிட்டார்.

அதற்குள் டிரைவரே காலைப் பின்னுக்கு இழுத்து நடைபாதையில் ஏறிவிட்டார்.

திருப்பம் மூன்றாவது முனையில். இது இரண்டாவது. மில் சரியென்றால் எண்ணிக்கை தப்பு. எண்ணிக்கை சரியென்றால் மில் தப்பு. ரொட்டி ஒன்று முன்னால் வந்துவிட்டது, மில்லும் ஒன்று முன்னால் வந்துவிட்டது. அப்படியானால் பெட்ரோல் எங்கே? மூக்கைத் திருப்பினார். தான் வந்த தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காற்றில் மெல்லிசாக, பெட்ரோல். அதுவும் ஒன்று தள்ளி. மூன்று கடைக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு இரவோடு இரவாக வீடு மாறமாட்டார்கள். சாலைகள் அசையவில்லை. வட்டம்தான் அசைந்திருக்கிறது.

டிரைவர் வலது கையை நெஞ்சுக்கு நேரே உயர்த்தினார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காற்றில் இல்லாத ஒரு வட்டத்தைக் கவ்விப் பிடித்தன. மெதுவாக, ஒரே ஒரு முனை அளவு, இடப்பக்கம் திருப்பினார். பெட்ரோல் பங்க் தெருவின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. ரொட்டிக்கடை முதல் முனைக்கு வந்தது. மில் அவர் காதுக்கு நேரே நின்றது. ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருந்த வண்டிகள் ஒரு கணம் மூச்சைப் பிடித்தன. பிடிக்காத வண்டி ஒன்றிரண்டு இருந்திருக்கலாம்.

திரும்பிப் பார்க்காமலே டிரைவர் குரல் கொடுத்தார்.

"மாப்ளே! அந்த வட்டத்தைக் கழட்டினீங்களா?"

செக்கர் வாயைத் திறந்தார். விதி ஞாபகம் வந்தது. மூடினார்.

"பதில் சொல்லாதீங்க, பேசினா ஆட்டம் போயிடும். ஆனா கழட்டியிருக்காட்டி நீங்க இவ்வளவு நேரம் சும்மா இருக்கிற ஆளா? ஆட்டம் போனா போகுதுன்னு 'நான் தொடவே இல்லை'ன்னு கத்தியிருப்பீங்க. சரி, இப்போ கேட்டுக்குங்க. நான் திருப்பி வச்சது சரின்னா, அடுத்த முனை வெல்டிங். இல்லேன்னா நான் புதன்கிழமை கிளம்பறேன்."

செக்கருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. நகத்தால் நெம்பிய அந்த வட்டம் இப்போதும் நகத்தில் இருப்பதுபோலப் பட்டது.

டிரைவர் இரண்டாவது சாலையைக் கடந்தார். அந்தச் சாலையின் அகலம் முப்பதடிதான். அன்றைக்கு அது முந்நூறு அடி இருந்தது. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் கோலை உரசிக்கொண்டு திட்டிவிட்டுப் போனது. எதிர் ஓரத்தில் கோல் தட்டியது. ஏறினார். காதைத் தீட்டினார். ஒன்றும் இல்லை. ஒரு தகரம் விழும் ஓசைகூட இல்லை. கால் மறுபடி மிதிக்க ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு...

சுர்ர்ரென்று தீப்பொறி சீறியது. சுட்ட இரும்பின் வாடை மூக்கில் குத்தியது.

ஆயுசில் அவர் முகர்ந்த வாசனைகளிலேயே உசத்தியான வாசனை அதுதான். ஒரு மூச்சு இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு, வெல்டிங் பட்டறையை ஒட்டி இடது பக்கம் உடம்பைச் சாய்த்துத் திரும்பினார். அப்புறம் பிடிக்க ஆளில்லை. செக்கர் பத்தடி இடைவெளியைக் காப்பாற்ற ஓடவேண்டியதாயிற்று.

மையத்துக்குள் நுழைந்ததும் டிரைவர் உட்காரவில்லை. மேசையை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டே சொல்லி முடித்தார். சொல்லச் சொல்லக் கதை பெருத்தது. "ரவுண்டானாவையே பிடிச்சுத் திருப்பி வச்சேன்மா! ரொட்டிக்கடைக்காரன் உள்ள தடுமாறியிருப்பான்!"

"நானும் நினைச்சேன், என் நாற்காலி ஏன் ஆடுச்சுன்னு," என்றார் ஆபரேட்டர் அம்மா.

கோந்து டீச்சர் தலையில் கை வைத்தார். "ஐயையோ, வட்டத்தை ஒட்டாம விட்டுட்டேனே!" வைத்த கை தலையிலேயே ஒட்டிக்கொண்டது.

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற செக்கரின் போன் அடித்தது. மகள். போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார் டீச்சர்.

"மாமா, அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டார்."

"தப்பில்லாமயா?"

செக்கர் தொண்டையைச் செருமினார். போன் சத்தம் கேட்டு உட்கார்ந்துவிட்ட டிரைவரின் கால் மேசைக்கடியில் தரையை மிதித்துக்கொண்டிருந்தது; அறையில் அந்த ஒரே சத்தம்தான். 'நடுவுல கொஞ்சம் தடுமாறினார்' என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. வட்டத்தைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. புதன்கிழமை முதல் மதியத் தூக்கமும் நிம்மதியாக இருக்கும்.

"தப்பு நடந்துச்சும்மா," என்றார் செக்கர். மேசைக்கடியில் கால் நின்றுவிட்டது. "அவர் பண்ணலை. நான் பண்ணேன். அந்தத் தட்டுல வட்டத்தைக் கழட்டி மாத்தி வச்சது நான்தான்."

"அப்புறம் எப்படி மாமா வந்தார்? நீங்க வழி சொன்னீங்களா?"

"நான் வாயே திறக்கலை."

"ரவுண்டானாவைப் பிடிச்சுத் திருப்பினேன்மா!" என்று டிரைவர் நடுவில் புகுந்து கத்தினார்.

"ரவுண்டானாவைத் திருப்பினேன், அது இதுன்னு பின்னால கத்திக்கிட்டிருக்காரே. அவர் பேச்சை நான் நம்பமாட்டேன். நீங்க சொல்லுங்க, நான் வண்டியை வேண்டாம்னு சொல்லிடறேன். நிஜமாவே என்ன நடந்துச்சு?"

செக்கர் மச்சானைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒருவர் சொன்னதையும் அப்படியே ஒப்புக்கொண்டதில்லை அவர்.

"அவர் சொல்றதுதாம்மா நடந்துச்சு," என்றார். "ரெண்டு விரல்ல பிடிச்சார். திருப்பினார். பத்தடி பின்னால நின்னு என் கண்ணால பார்த்தேன்."